சத்தம் கேட்டு வாங்கிய குதிரை

"ஏட்டி, கரும்பலகையில குதிரைப் படம் போடுன்னா போட்டுருவ. நெசக் குதிரையப் பாத்து வாங்க உனக்கு என்னட்டி தெரியும்?"

இப்படிக் கேட்டவர் என் அத்தை வீட்டுக்காரர். எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே போலீஸ் ஏட்டாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாயில் கறித்துண்டு இருந்தபோதே கேட்டதால் பாதி வார்த்தை மென்றுதான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அத்தை சிரித்தாள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் குதிரையைப் பற்றி யாருக்குமே ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியாது. பரேடில் பெரிய அதிகாரிகள் குதிரைமேல் வருவதை விறைப்பாக நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு மீசை இருந்தது, காக்கி உடுப்பு இருந்தது. அவர் சொன்னால் தெரிந்து சொல்வதுபோல் இருக்கும்.

வாங்கப்போகும் குதிரைக்கு உரிய பணம் என்னுடையது. இதை எழுதும்போதே எனக்கு முதுகு நிமிர்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுத்துப் படித்தவர் யாரும் இல்லை. அப்பா ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவார். பக்கம் புரட்ட வேண்டிய இடம் வந்தால் பக்கத்து ஆளைப் பார்த்துப் புரட்டுவார். அந்த அப்பாவின் மகள் போர்டிங்கில் தங்கிப் படித்து, டிரெயினிங் முடித்து, படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக வந்தாள். வாங்கிய சம்பளத்தில் சேர்த்து வைத்ததைத்தான் குதிரைக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

குதிரை எதற்கு என்று சொல்ல வேண்டும். அப்பா மாட்டு வண்டிக்காரர். வில் வண்டிக்குக் கூண்டு கட்டி, ராஜபாளையம் ரோட்டோரத்து ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். மற்றபடி அவருக்கு வேறு சவாரி இல்லை. இருந்ததையெல்லாம் ரயிலும் பஸ்ஸும் எடுத்துக்கொண்டன. மாடுகளுக்கும் வயதாகிவிட்டது. மணி அடிப்பதற்குள் வந்து சேர வேண்டுமானால் விடியுமுன்பே வண்டி கட்ட வேண்டும். இருட்டில் வயசுப் பிள்ளைகளை வண்டியேற்ற எந்தத் தாய்க்கு மனசு வரும்? விடிந்த பிறகு கட்டினாலோ, முதல் பாடம் முடிந்த பிறகுதான் வந்து சேரும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிப்பை விட்டு நின்றுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தை நடத்திய துரைசானியம்மா முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கும்போது குதிரை வண்டிதான் வேண்டும். அப்பா குதிரை வண்டி வைத்தால் சவாரி அப்பாவுக்கே. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. வேறு ஆளும் ஒருவர் ஏற்கனவே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "பருத்தி மில்லுல மூடை தூக்க ஆளு எடுக்காகளாம். கேட்டுப் பாக்கணும்."

அப்பாவின் தோள் மூட்டை தூக்கும் தோள் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கயிறு பிடித்த கை அவருக்கு. "குதிரை வாங்குவோம்பா" என்று நான்தான் சொன்னேன்.

எனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது சத்தம். என் வகுப்பறையின் ஜன்னல் ரயிலடிக்குப் போகும் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. ஜன்னலின் கீழ்க்கதவைச் சாத்தி வைப்பது வழக்கம். இல்லையென்றால் பிள்ளைகளின் கண் ரோட்டிலேயே இருக்கும். அதனால் ரயிலுக்குப் போகும் ஜட்காக்களைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். நான் பாட்டு டீச்சரும் கூட. கையால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே குளம்புச் சத்தம் போனால், அதுவும் ஒரு தாளமாகக் காதில் விழும். நாளாக ஆக, எந்த வண்டி போகிறது என்று பார்க்காமலே சொல்லத் தெரிந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு வண்டிக் குதிரையின் தாளம் பிசகிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த வண்டி வருவது நின்றுவிட்டது. குதிரைக்குக் கால் போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இதை மாமாவிடம் சொன்னேன். "சரி, வா. வந்து பாட்டுப் படி. குதிரை ஆடுதான்னு பாப்போம்" என்றார்.

முதலில் போனது வ. புதுப்பட்டிக்கு. அங்கே ஒரு தரகரிடம் வெள்ளைக் குதிரை ஒன்று வந்திருப்பதாக மாமாவுக்குச் சேதி வந்திருந்தது. விடியற்காலையில் எங்கள் மாட்டு வண்டியில்தான் புறப்பட்டோம். குதிரை வாங்க மாட்டில் போகிறோமே என்று அப்பாவுக்கு வெட்கம். வழி நெடுக மாடுகளிடம் ஏதோ சமாதானம் சொல்லுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மாமா வேட்டி கட்டியிருந்தார். ஆனால் காலில் போலீஸ் பூட்ஸ். ஏட்டு என்று தெரிந்தால் தரகர் ஏமாற்றமாட்டார் என்பது அவர் கணக்கு.

தரகர் எங்களை ஊருக்கு வெளியே ஒரு ஓடைக்குக் கூட்டிப்போனார். சித்திரை மாதம், ஓடையில் தண்ணீர் கிடையாது, வெறும் மணல். கரைப் புளியமரத்தடியில் குதிரை நின்றது. நான் அதுவரை அவ்வளவு அழகான மிருகத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. பால் வெள்ளை. பிடரி மயிரைச் சீவி விட்டிருந்தார்கள். குளம்புக்கு எண்ணெய் பூசியிருந்தார்கள். ஈ மொய்த்ததற்குக்கூட அசையாமல் நின்றது.

அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். மாடு பிடிக்கிற ஆளின் கண் அவருக்கு. முதுகைத் தடவினார், திமிலைத் தேடினார் என்றே எனக்குத் தோன்றியது. பிறகு வாயைத் திறந்து பல் பார்த்தார். பார்த்தவர் திடுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வந்து பாரு. மேலயும் பல்லு இருக்கு!"

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. அப்பா தம் வயசில் ஆயிரம் மாட்டு வாயைத் திறந்து பார்த்திருப்பார். குதிரை வாயைத் திறந்தது அன்றுதான். தரகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, மேல்பல்லுக்குத் தனியா வெலை இல்ல. சும்மா சேத்துத் தாரேன்" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். எனக்குத்தான் காது சுட்டது.

மாமா சுழி பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாடோ குதிரையோ, உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. இந்த இடத்தில் சுழி இருந்தால் வாங்கினவன் வாழ்வான், அந்த இடத்தில் இருந்தால் கெடுவான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு, ஒரு பலனும் உண்டு. நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியும் சுழி மட்டும் எங்களை விடவில்லை. மாமா நெற்றியைத் தடவிவிட்டு, "ராஜசுழி! ராஜசுழி மாப்ள!" என்று அப்பாவின் முதுகில் தட்டினார்.

தரகர் குதிரையை மணலில் நடக்க விட்டுக் காட்டினார், ஓட விட்டுக் காட்டினார். கொடி அசைவதுபோல் ஓடிற்று. திரும்பக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார்கள். அது மறுபடியும் சிலைபோல நின்றது, இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டு.

"என்ன சாது பாரு! நின்ன இடத்துல நிக்கி" என்றார் அப்பா. மாட்டுக்கு அது பெரிய குணம். வண்டியில் பூட்டினால் அசையாமல் நிற்கும் மாட்டைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்து பார்த்தபோதும் அதே கால்தான் முன்னால் இருந்தது. நடந்துவிட்டு வந்து நின்றபோதும் அதே கால். ஓடிவிட்டு வந்து நின்றபோதும் அதே கால். ஏன் அந்தக் காலில் மட்டும் பாரத்தை வைக்கவில்லை? அதைக் காதால் கேட்டு அறியலாம் என்று பார்த்தால், மணலில் சத்தமே இல்லை.

அதற்குள் தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டுவிட்டார். சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் இருவர் கையும் இருக்கும். விரலைத் தொட்டுத் தொட்டே விலையைச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் கையை மற்றவர் அழுத்திப் பிடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு பின்வாங்கினால் சந்தையில் தலைகாட்ட முடியாது. பணம் என்னுடையது. ஆனால் அந்தத் துண்டுக்கு அடியில் என் கை போக முடியாது. வேற்று ஆண்பிள்ளையின் விரலைத் தொட்டு விலை பேசும் பெண் உண்டா? அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது.

"அப்பா, கைய அழுத்தாதீங்க!"

என் குரல் வகுப்பில் வருவதுபோலவே வந்துவிட்டது. மூன்று ஆண்பிள்ளைகளும் திரும்பினார்கள்.

"ஆம்பளைக கை போட்டுப் பேசும்போது நடுவுல என்னட்டி சத்தம்?" என்று மாமா சீறினார்.

"குதிரைய ரோட்டுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க மாமா. மணல்ல சத்தம் கேக்க மாட்டேங்குது."

தரகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா குதிரைய வாங்கப் போறீகளா, சத்தத்த வாங்கப் போறீகளா?"

"கேட்டுட்டு வாங்கலாம்னுதான்" என்றேன்.

"வெயில்ல கல்லு சுடும் தாயி. பச்சப் புள்ள மாதிரி அது."

"வண்டியில பூட்டினா கல்லு ரோட்டுலதானே ஓடணும்?"

"இன்னைக்கு வேண்டாம். லாடம் புதுசு. செத்த பழகட்டும்."

மாமா என் பக்கம் பேசவில்லை. ஆனால் போலீஸில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு, ஒருவர் ஒரு சின்னக் காரியத்துக்கு இரண்டு சாக்குச் சொன்னால் பொறுக்காது. மீசை அசைந்தது. "ரோடு இந்தா இருக்கு. கூட்டிட்டுப் போறதுல உமக்கு என்னவே கஷ்டம்?" என்றார். ஸ்டேஷன் குரல். தரகர் மறுபேச்சில்லாமல் கயிற்றை அவிழ்த்தார்.

கப்பி ரோட்டில் குதிரையை ஓட விட்டார்கள். நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். குதிரை பார்க்க வந்தவள் குதிரையைப் பார்க்காமல் நிற்பதைப் பார்த்து மாமா தலையில் அடித்துக்கொண்டார். நான் கையைத் தொடையில் வைத்துத் தட்டினேன். நல்ல தாளத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்றுபோல இருக்க வேண்டும். இங்கே ஒரு தட்டு அழுத்தமாக விழுந்தது, அடுத்தது அவசரமாகத் தொட்டுவிட்டு ஓடியது. அழுத்தம், அவசரம். அழுத்தம், அவசரம். அன்று மழைக்காலத்தில் ஜன்னல் வழியே கேட்ட அதே பிசகு.

"இடது முன்னங்கால்பா. அது தரையில படும்போது தலை எப்பிடிப் போகுதுன்னு பாருங்க" என்றேன், திரும்பாமலே.

அப்பா பார்த்தார். அந்தக் கால் கல்லில் படும் ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் குதிரை வலியில் தலையை மேலே தூக்கிற்று. ஒரு தடவை காட்டிக் கொடுத்த பிறகு அதைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. அப்பா துண்டைத் தரகரின் தோளிலேயே திரும்பப் போட்டார்.

"கல்லு குத்தியிருக்கும் அண்ணாச்சி. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"சரியானப்பொறவு சொல்லிவிடுங்க. வாரோம்" என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை மாமா மீசையை நீவிக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "ஆனா சுழி நல்ல சுழி மாப்ள. அதச் சொல்லணும்ல" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "அந்தச் சத்தத்த எனக்கும் சொல்லிக் குடு" என்றார். வண்டிச் சட்டத்தில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தேன். வீடு சேருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு சரியான தட்டையும் பிசகிய தட்டையும் பிரித்துச் சொல்லப் பழகிவிட்டார்.

அதற்குப் பிறகு பார்த்த குதிரைகள் ஒன்றும் தேறவில்லை. ஒன்று வாலைப் பார்த்தாலே உதைத்தது. ஒன்றுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. அப்பா மில் பக்கம் போய் வர ஆரம்பித்தார். எதற்குப் போகிறார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டில் மோட்டார் வாங்கிவிட்டார்கள், வண்டிக் குதிரை சும்மா நிற்கிறது என்று தெரிந்தது. தெலுங்கு பேசுகிற வீடு. மறுபடியும் மூவரும் போனோம். நாங்கள் வாசலில் கால் வைத்ததும் வெள்ளை நாய்கள் மூன்று பாய்ந்து வந்து குரைத்த குரைப்பில் மாமா என் பின்னால் வந்து நின்றுகொண்டார். லாயத்தில் இருந்த பெட்டைக் குதிரை காதை ஒரு தடவை அசைத்தது, அவ்வளவுதான். பயப்படாத குதிரை என்று அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன்.

வீட்டு அய்யா ஊரில் இல்லை. வீட்டு அம்மாதான் வெளியே வந்தார். நாய்களை அதட்டி உள்ளே அனுப்பினார். "ரண்டி, ரண்டி, வாங்க. பயப்படாதீங்க, அதுக சத்தம் மட்டும்தான்" என்றார்.

பெட்டைக்கு வெள்ளைக் குதிரையின் அழகில் கால்வாசி கிடையாது. காய்ந்த செம்மண் நிறம். கழுத்துப் பட்டை உரசி உரசித் தோளில் மயிர் உதிர்ந்திருந்தது. வண்டி இழுத்து இழுத்து வந்த அடையாளம் அது, எனக்குப் பிடித்திருந்தது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தேன், இமைத்தது. அப்பா நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நாலையும் தந்தது.

முன்னங்கால் பக்கம் குனிந்திருந்த மாமா அப்படியே எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

"மாப்ள, வெளிய வாங்க. விலங்குச் சுழி."

கால் முட்டிக்குக் கீழே மயிர் சுழித்திருந்தது. காலில் விலங்கு போட்ட இடத்தில் சுழி இருந்தால், வாங்கினவன் கையில் விலங்கு விழும், ஜெயிலுக்குப் போவான் என்று மாட்டுக்குச் சொல்வார்கள். மாமா அதைக் குதிரைக்கும் சேர்த்துச் சொன்னார். அத்தனை நாளாக அந்தக் குதிரை விற்காமல் நின்ற காரணமும் அதுதான் என்று தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"நாம வேதக்காரங்க மாமா. சுழியில என்ன இருக்கு?" என்றேன்.

"நாம வேதத்துல சேந்தா குதிரையும் சேந்துருச்சா?" என்றார் மாமா.

வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சூடய்யா, இங்க பாரு, எங்க வீட்டுல இம்புட்டு வருஷமா நிக்கிது. எங்க வீட்டுல யாரு ஜெயிலுக்குப் போனாங்க, சொல்லு?"

"பெரிய வீட்டு ஆளுகள யாரும்மா பிடிப்பா?" என்று மாமா சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்திருக்கும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பூட்ஸைப் பார்த்தார். அந்த அம்மா ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷி.

நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்குச் சுழியைப் பற்றிப் பயமில்லை. ஆனால் தினமும் கயிறு பிடிக்கப் போகிறவர் அவர். பயந்துகொண்டே ஓட்டுகிறவர் கையில் எந்தக் குதிரையும் நன்றாக ஓடாது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ரோட்டுல பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டுப் பழைய குதிரை வண்டியிலேயே பூட்டினார்கள். பூட்டும்போது தானாகப் பின்னால் நகர்ந்து ஏர்க்காலுக்குள் வந்து நின்றது. அய்யனார் கோவிலுக்குப் போகும் ரோட்டில் அப்பாவே ஓட்டிப்போனார். நானும் மாமாவும் வீட்டு வாசலில் நின்றோம். திரும்பி வரும் சத்தம் தெருமுனையில் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். எந்தத் தட்டும் அழுத்தமில்லை, எந்தத் தட்டும் அவசரமில்லை. அந்தச் சத்தத்துக்கு நான் ஒரு பாட்டே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

கண்ணைத் திறந்தபோது அப்பா வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியிருந்தது. மில் பக்கம் போய்வந்த முகம் இல்லை. "நாலும் ஒண்ணு போல விழுது" என்று என்னிடம் சொன்னார். அவரும் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறார். பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"அத்தான், எனக்கு விலங்கு மாட்டணும்னு வந்தா நீங்க வருவீகளா, வேற ஆளு வருவாகளா?"

மாமா யோசித்தார். "டூட்டியில இருந்தா நானேதான் வரணும்."

"அப்பச் சரி. நீங்கன்னா வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போவீக" என்றார் அப்பா.

விலை பேச வேண்டும். மாமா பழக்கத்தில் தோள் துண்டை எடுத்தார். எடுத்தவருக்கு அதை யார் கைமேல் போடுவது என்று தெரியவில்லை. விற்கிறவர் ஒரு பெண். வாங்குகிறவள் நான். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா பழைய வண்டியையும் சேர்த்து விலையை வாய்விட்டுச் சொன்னார். நான் குறைத்து வாய்விட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சம் இறங்கினார், நான் கொஞ்சம் ஏறினேன். லாயக்காரர், தெருவில் போனவர்கள், நாய்கள் எல்லோருக்கும் கேட்டது. "சந்தையில இப்பிடிப் பேசினா மானம் போயிரும்" என்று மாமா அப்பாவின் காதில் சொன்னதும் எனக்குக் கேட்டது. கடைசியில் அந்த அம்மா என் வலது கையை எடுத்துத் தம் இரண்டு கைக்கு நடுவில் வைத்து, பட்டப்பகலில் அழுத்தினார். "என்ன படிச்சிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க வீட்டுப் பொண்ணுகளும் படிக்கணும்" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மணி அடிப்பதற்கு முன்பே நான் என் வகுப்பு ஜன்னலின் கீழ்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். விடிந்து, வெயில் வந்து, பிள்ளைகளின் தாய்மார் கண்ணால் பார்த்து ஏற்றி அனுப்பிய பிறகு புறப்பட்ட வண்டி. மணிக் கயிற்றில் கை வைத்திருந்த ஆள், வண்டி உள்ளே வருவதைப் பார்த்து அடிக்காமல் நின்றார். அப்பா தலைப்பாகை கட்டியிருந்தார். துரைசானியம்மா குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். பெரிய வகுப்பில் நின்றுபோன பிள்ளைகளில் இருவர் அந்த வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

சவாரி அப்பாவுக்கே என்று ஆயிற்று. ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாது என்றும் சொன்னார்கள். ஐப்பசி மழையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து உட்காரவே முடியவில்லை. அன்றைக்கு வண்டி போகாவிட்டால், கேட்டுவிட்டுப் போன அந்த வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் ஆள் தேடப் போனாள். லீவு நாட்களில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பழகியிருந்த நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாயத்துக்குப் போனேன்.

"ஏட்டி, மழையில ரோடு வழுக்கும்" என்று அப்பா படுத்தபடியே சொன்னார். பிறகு, பூட்டும்போது வார் எந்தத் துளையில் வரவேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வழியில் சிலர் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர், "டீச்சரம்மா வண்டி ஓட்டிட்டு வருதுடோய்!" என்று கத்தினார். பிள்ளைகள் உள்ளே கையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரையின் காதுகளையும் ரோட்டையும்தான் பார்த்தேன். மணிக்கு முன்பே வந்துவிட்டோம். வண்டியை நிறுத்திவிட்டு, சேலை ஓரத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டு, நேரே போய் வருகைப் பதிவு எடுத்தேன். அப்பா எழுந்து நடமாடும் வரை இரண்டு வேளையும் நானேதான் ஓட்டினேன்.

காய்ச்சல் விட்ட பிறகு அப்பா சொன்னார்: "இனி எப்பவும் நான் ஒருத்தனே ஓட்ட முடியாது. ஆனா வில்லை இல்லாம ரோட்டுல ஓட்டக்கூடாதுட்டி." வண்டிக்காரர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பித்தளை வில்லைதான் லைசென்ஸ். அதை முனிசிபல் ஆபீஸில்தான் கொடுக்கிறார்கள்.

போன சனிக்கிழமை போனேன். குமாஸ்தா என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "வண்டிக்காரர் வரலையாம்மா? அவர் வந்து ஓட்டிக் காட்டணுமே" என்றார்.

"வண்டிக்காரர் வந்தாச்சு. வண்டியும் வாசல்ல நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து கயிற்றைக் கையில் எடுத்தேன்.